கணினிக்குப் பூசிய திருநீறு

சாமி குற்றமாகிவிடுமோ என்று பயந்து, பல வருடங்களாக இதை எழுதாமலே வைத்திருந்தேன்.

ராசா என்ற ஊரில் ஒரு கணினிக் கடையில், பழுதுபார்க்கக் கொடுத்த கைப்பேசிக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் கணினியைத் திறந்த கடைக்காரர், "அக்கா, இது எந்தக் கோயில் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்.

"வீட்டுதுதான் தம்பி. ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் ஓன் பண்றப்பவே அணைஞ்சி போவுது. மகளோட யூனிவர்சிட்டி மனுவுக்கு இன்னிக்கி சாயங்காலம் கடைசி லா."

"உள்ளுக்குப் பூரா திருநீறு!"

"ஓன் பண்றதுக்கு முன்ன பூசுவேன்."

"அணைஞ்சிட்டா?"

"இன்னும் கொஞ்சம் கூடப் பூசுவேன்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளேயிருந்த ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "மேல ஓட்டை வழியா விழுந்து இதுல அடைச்சிக்கிச்சு. அதான் ஒரு நாள் பிடிக்குது, ஒரு நாள் பிடிக்கல." நான்கு முறை அணைத்துப் போட்டார். நான்கு முறையும் ஓடியது.

அந்த அம்மாள் நிம்மதியோடு, பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். கடைக்காரர் கணினியைக் கையால் மறைத்துக்கொண்டு நெற்றியை நீட்டினார்.

"இங்க பூசுங்க லா அக்கா. நான் ஓடுனா அது ஓடும்."

படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். திருநீற்றின்மேல் பழி வராமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.