மயிலாப்பூர் வீட்டின் மூச்சைச் சோதித்த கண்ணாடித் தட்டு

நந்தனத்தில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்து, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பேராசிரியர் பீர் முஹம்மது அவர்களே, அடையாற்றில் இந்த ஆய்வகத்தை எழுப்பியிருக்கும் இயற்கை மருத்துவர் ராகவேந்திரன் அவர்களே, அதன் பொறுப்பை ஏற்கவிருக்கும் நுண்ணுயிரியல் பட்டதாரி ஜெசிந்தா அவர்களே, மகளின் பெருமையைக் காண மீன் கடைக்கு விடுமுறை விட்டுத் திருவான்மியூரிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் ரோஸி அம்மையார் அவர்களே, மயிலாப்பூரிலிருந்தும் அசோக் நகரிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மதராஸ் சென்னையாகி, பெயர்ப்பலகைகளில் வண்ணம் இன்னும் காயாத காலம் இது. ஊரின் பெயரை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். ஒரு மனிதரின் நம்பிக்கையை எதனால் மாற்றுவது? அதிகாரத்தால் முடியுமா? அதட்டலால் முடியுமா? பத்திரிகைப் பணியில் அமைச்சர்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அணிகள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தான் ஆண்டாண்டாய் நம்பிய ஒன்றை, யாரும் கேட்காதபோதே, பாதிக்கப்பட்டவர் எதிரிலேயே ஒருவர் மாற்றிக்கொண்டதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அப்படி மாற்றியது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கண்ணாடித் தட்டு.

மயிலாப்பூரில் ஸ்ரீலக்ஷ்மி என்று ஒரு பாட்டு ஆசிரியை. அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன். அதோ, நான்காவது வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பார்த்து அவரைக் கூச்சப்படுத்தாதீர்கள். பார்த்துவிட்டீர்கள், சரி.

சென்ற பங்குனியில் அவர் வயிற்று உப்பலுக்காக நம் டாக்டரிடம் வந்தார். உணவைத் திருத்தினார் டாக்டர். கோடை தொடங்கிவிட்டதால், குளுமையாக உறங்குவதற்கு வெட்டிவேர்த் தட்டி பொருத்திய கூலர் ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். உப்பல் தணிந்தது. ஆனால் சித்திரையில் இருமல் வந்தது. விடியற்காலையில் பெண்கள் பாட்டுக்கு வந்து உட்காருவார்கள். ஆசிரியை சுருதியோடு சேருமுன் இருமல் சேரும். மேலே போனால் இருமல், கீழே வந்தால் இளைப்பு. எல்லா நோயும் வயிற்றில்தான் பிறக்கிறது என்பது டாக்டரின் உறுதியான எண்ணம். ஆகவே உபவாசம் சொன்னார். அடுத்த வாரம் மீண்டும் உபவாசம். உடல் மெலிந்தது, இருமல் மெலியவில்லை. ஒரு நாள் அவர் தம் கணவர், வங்கி அதிகாரி ராமானுஜத்திடம் சொன்னார். "குழந்தேள வேற டீச்சர் பாத்துக்கச் சொல்லிடுங்கோ. எனக்கு இனிமே பாட்டு வராது."

பாட்டையே மூச்சாகக் கொண்டவர், மூச்சில்லாமல் பாட்டை விடத் துணிந்தார்.

அப்போதுதான் டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வயிற்றில்தான் குற்றம் என்று அது உறுதி சொல்லும் என எதிர்பார்த்தார். ஜெசிந்தா அப்போது ஒரு தனியார் ஆய்வகத்தில் இருந்தார். முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார்.

"சார், மூணு தபா பாத்துட்டேன். புழு இல்ல, கிருமி இல்ல, ரத்தம் இல்ல. வயித்து மேல கேஸ் போடாதீங்க. அவங்க மூச்சு வுடுற எடத்தப் பாக்கலாமா?"

"வீட்டையா? அந்த வீட்டுத் தரையில இலை இல்லாமலே சாப்பிடலாம்மா."

"சுத்தமா கீதா இல்லியான்னு தட்டு சொல்லட்டும் சார்."

அது என்ன தட்டு? ரம்ஜான் மாதத்தில் நம் தலைவர் வீட்டில் கடற்பாசி காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுவார்கள். தலைவர் தலையாட்டுகிறார். அதே பாசிக்கூழைச் சத்தோடு காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் உறையவைத்தால், அது பூசணத்துக்குப் பந்தி. அறையில் சற்று நேரம் திறந்து வைத்தால், காற்றில் அலையும் கண்ணுக்குத் தெரியாத விதைகள் அதில் இறங்கும். மூடி வைத்துக் காத்திருந்தால் முளைக்கும்.

ராமானுஜம் தட்டை வாங்கிப் போனார். திறந்து வைத்தார், மூடினார், திருப்பிக் கொடுத்தார். அதில் முளைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. "நான்தான் சொன்னேனே, எங்காத்துல தூசியே கெடையாது" என்றார்.

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம். "எங்க வெச்சீங்க மாமா?"

"ஸ்வாமி ரூம்லதான். ஆத்தை அலம்பி, தொடைச்சு, சாம்பிராணி போட்டுண்டுதான் தெறந்தேன். காத்து அடிச்சுத் தட்டுல தூசி விழப்படாதுன்னு கூலரைக்கூட நிறுத்திட்டேன்."

"திருடனப் புடிக்க வந்த போலீஸுக்கு பேண்டு வாசிச்சு மாலை போட்டா மாதிரி கீது மாமா. திருடன் நிப்பானா?"

சிரிக்கிறீர்கள். நம்மில் யார் வீட்டில் இது நடக்காது? டாக்டர் வருகிறார் என்றால் நோயாளிக்குத் தலை வாரி, பவுடர் பூசி, நல்ல புடவை கட்டி உட்காரவைக்கிறவர்கள் அல்லவா நாம்?

இந்த முறை ஜெசிந்தா சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நின்றார். கூடத்தில் ஒரு தட்டு. படுக்கை அறையில், ஓடிக்கொண்டிருந்த கூலருக்கு எதிரே ஒரு தட்டு. "இதென்ன, ஆத்தைப் பெருக்கக்கூட விடாம" என்று ராமானுஜம் முணுமுணுத்தாராம்.

இயற்கை மருத்துவம் பற்றி எழுதுவதற்காக டாக்டரைக் காண நான் போயிருந்த அன்றுதான் அந்தத் தட்டுகள் அவர் மேஜைக்கு வந்தன. கூடத்துத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில புள்ளிகள். படுக்கை அறைத் தட்டிலோ விளிம்பு முதல் விளிம்பு வரை பச்சை வெல்வெட்டு, நடுநடுவே கரிய வெல்வெட்டு. வெட்டிவேரிலிருந்து உருவிய ஒரு நாரையும் ஜெசிந்தா கொண்டுவந்திருந்தார். நுண்ணோக்கியில் வைத்து, என்னிடம் "பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். மெல்லிய தண்டு, தண்டின் நுனியில் உருண்டைத் தலை, தலையைச் சுற்றி மணிமணியாய், சரம் சரமாய் விதைகள். எந்தத் தட்டான் கோத்த மணி அது? எந்தத் தோட்டக்காரன் வைத்த பூ அது? இத்தனை அழகா ஒரு பெண்ணின் குரலை அடைத்தது? அழகுக்கும் ஆபத்துக்கும் இடையே அன்று எனக்கு இருந்தது ஒரு கண்ணாடி வில்லைதான்.

அங்கிருந்து ஓர் அன்பர், எந்தக் கம்பெனி கூலர் என்று கேட்கிறார். கம்பெனி மேல் பாவம் இல்லை ஐயா. ராமானுஜம் சொன்னதைக் கேளுங்கள். "தொட்டித் தண்ணியைக் கொட்டவே மாட்டேன். லாரித் தண்ணின்னா அது? கொறைய கொறைய மேல ஊத்திண்டே இருப்பேன்." குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த எவருக்குத்தான் தண்ணீரைக் கொட்ட மனம் வரும்? கோடை முழுவதும் வேர் காயவில்லை. பூசணம் ஓயவில்லை.

டாக்டரும் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். பிறகு அந்தத் தம்பதியை வரவழைத்து, தட்டை அவர்கள் எதிரில் வைத்தார்.

"கூலர் வைக்கச் சொன்னது நான். வெட்டிவேர் இயற்கை, அது கெடுதல் பண்ணாதுன்னு நெனச்சேன். இருமல் வந்தப்புறமும் வயித்தையே பட்டினி போட்டேன். தப்பு என்னோடதும்மா."

ராமானுஜம் கொதித்தார். "கோடை பூரா நோயை வெலை குடுத்து வாங்கி, அதுக்குத் தண்ணி வேற ஊத்திண்டு இருந்தேனா நான்?"

ஜெசிந்தா குறுக்கிட்டார். "மாமா, தட்டு வூட்டுக் காத்தத்தான் சொல்லுது. மாமி நெஞ்சுல இன்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு வேற டெஸ்ட் கீது."

ஆம், அந்த எல்லையையும் அவர் சொன்னார். டாக்டர் அன்றே ஒரு நெஞ்சு நோய் நிபுணருக்குக் கடிதம் எழுதினார். மூச்சை அளந்தார்கள், தோலில் சோதித்தார்கள். பூசணம் அவருக்கு ஒவ்வாது என்பது உறுதியாயிற்று. ஆங்கில மருந்து கொடுத்தார்கள், இயற்கை மருத்துவர் தடுக்கவில்லை. கூலர் வீட்டை விட்டுப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது, மூச்சோடு பாட்டும் திரும்பியது. இன்று விடியற்காலையில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள், காது சாட்சி சொல்லும்.

ஆனால் அன்று அந்த அறையில், குணமாகுமா ஆகாதா என்று எவருக்கும் தெரியாத அந்த வேளையில், ஸ்ரீலக்ஷ்மி கணவரைக் கையமர்த்தினார்.

"ஏன்னா, சித்த சும்மா இருங்கோ. டாக்டர், இந்தத் தட்டை நீங்க தூக்கிப் போட்டிருந்தா எங்களுக்குத் தெரியவே போறதில்லே. எடுத்துண்டு வந்து எங்க முன்னாடி வெச்சேளே. நான் உங்ககிட்டயே வரேன்."

அன்பர்களே, மருத்துவம் எங்கே நிற்கிறது? மருந்திலா? வயிற்றில் கட்டும் மண் பட்டியிலா? மாத்திரையிலா? தன்னைச் சோதித்துக்கொள்ளத் துணியும் மனத்தில் நிற்கிறது. நோயாளியைச் சோதிப்பவர் ஆயிரம் பேர். தன் வைத்தியத்தையே சோதனைக்கு வைப்பவர் எத்தனை பேர்? தனக்கு எதிராக வந்த சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றியவர் எத்தனை பேர்?

அந்த வாரமே டாக்டர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தாம் கூலர் வைக்கச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் போனார். தி.நகரில் ஒருவர், "உம்ம பேச்சை நம்பி வாங்கினேன், இப்ப உம்ம பேச்சை நம்பித் தூக்கிப் போடணுமா?" என்று வாசலிலேயே கேட்டிருக்கிறார். "தூக்கிப் போட வேண்டாம் சார், தண்ணியை மாத்துங்க, தட்டியை வெயில்ல போடுங்க" என்று நின்றபடியே பதில் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அந்தப் பயணத்தின் முடிவில் பிறந்ததுதான் இந்த ஆய்வகம். இதற்கு ரிப்பன் கிடையாது. சற்று நேரத்தில் தலைவர் அவர்கள் ஒரு தட்டின் மூடியைத் திறந்து இதைத் தொடங்கிவைப்பார். அந்தத் தட்டு நோயாளி வீட்டுக்குப் போகாது. டாக்டரின் சொந்தச் சிகிச்சை அறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் திறக்கப்படும். அதில் முளைப்பது எதுவானாலும் வாசலில் எல்லோரும் பார்க்க வைக்கப்படும்.

மேடை ஏறும்போது ஜெசிந்தா டாக்டரிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "சார், தோட்டமே மொளச்சா இன்னா சார் பண்றது?"

"மொளச்சா கழுவுவோம்மா" என்றார் டாக்டர்.

பொறுமையோடு செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெஞ்சு நிறைய மூச்சு விடுங்கள், நீடு வாழுங்கள். வணக்கம்.