மூன்றாவது கோர்ட்டின் இடது மூலை

பூப்பந்து ஆடும் ஆண்களில் பெரும்பாலோருக்குப் பிட்டத்துத் தசை வேலையே செய்வதில்லை. நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்து இருபது வயதுக்காரர்களைப் போலத் தாவுகிறார்கள். முட்டி வீங்கினால் மட்டையை மாற்றுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் விஜயன், பிலாட்டீஸ் என்றால் யோகாவா என்று கேட்டீர்கள். இல்லை. மட்டை பிடிக்கிறவர்களுக்கு ஒரு தோளும் ஒரு காலும்தான் ஓயாமல் உழைக்கும், மறுபக்கம் சோம்பேறியாகிவிடும். கழுத்தையும் வயிற்றையும் இடுப்பையும் உறுதியாக்கி இரு பக்கத்தையும் சமப்படுத்தினால் விழமாட்டார்கள், விழுந்தாலும் உடையமாட்டார்கள். பதினோரு வருஷமாக, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்களும் வலப்பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கவனித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூப்பந்துக் கிளப்புக்கு நான்தான் செயலாளர். மண்டபத்தின் சாவியும் என்னிடம்தான், ஏனென்றால் தரையைத் துடைக்க வேறு யாரும் முன்வரவில்லை. போன வருஷம் கமிட்டியிடம் பேசி, ஆட்டத்துக்கு முன் அரைமணி நேர வகுப்பு ஆரம்பித்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். பத்து மாதம் ஒருவருக்குக்கூடக் கால் பிசகவில்லை.

ஆண்டு விருந்தில் தலைவர் பரமேஸ்வரன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷம் ஒருத்தருக்கும் அடிபடல. நாம புதுசா வாங்கிப் போட்ட கோர்ட் மேட் நல்லா வேலை செய்யுது லா."

எல்லோரும் கைதட்டினார்கள். மேட்டுக்கு. பிறகு ஆட்டுக்கறிப் பிரட்டலை அள்ளிப் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமே நடக்கலையே உஷா, அப்புறம் எதுக்கு உன் கிளாஸ்?"

பல்வலிக்காரன் டாக்டரைக் கும்பிடுவான்; வலி வராமல் பார்த்துக்கொண்டவளை யார் நினைப்பார்கள்? அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தது ஒரே ஒருவர், கமலநாதன்.

கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். துறைமுகத்தில் குமாஸ்தா. நான் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்கிறவர். ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தில் ஒற்றைக் காலில் நின்று பழகுவாராம்; பள்ளிப் பிள்ளைகள் படமெடுப்பார்களாம். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"பொண்ணக் கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும் டீச்சர். நொண்டிக்கிட்டுப் போகக்கூடாது," என்பார்.

மற்றவர்களைத் திரும்ப வரவழைக்க ஒரு சின்னச் சுளுக்கு போதும் என்று நினைத்தேன். வகுப்பை விட்டவருக்கு, இரண்டு வாரத்துக்கு மட்டும். அதுவும் தலைவருக்கே வந்தால் பேச்சே தேவைப்படாது.

பரமேஸ்வரனின் இடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது கோர்ட், பின்வரிசை, இடது மூலை. என்றோ கிள்ளான் கிளப்பை அங்கே நின்று ஜெயித்தாராம். அன்றிலிருந்து அது அவருடைய ராசி மூலை. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போதும் அவர் மட்டும் மாறமாட்டார். எதிரணியும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கும். அந்த மூலையில் வேறு யாரும் கால் வைப்பதில்லை. இவ்வளவு ஒழுங்கான ஆட்களுக்கு விபத்து ஏற்பாடு செய்வது சுலபம்.

பிலாட்டீஸ் கட்டிலில் ஒரு பலகை தண்டவாளத்தின் மேல் வழுக்கிப் போய்வரும். ஒரு வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன், அந்தத் தண்டவாளத்துக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் தெளித்து, மூலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தேய்த்தேன். பரமேஸ்வரனின் இடது கால் எங்கே இறங்கும் என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். அதுதானே என் தொழில்.

அந்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. அம்பாங்கில் ஒரு சாவு. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"இன்னைக்கு என் மூலைய கமலநாதனுக்குக் குடுங்க. பொண்ணு கல்யாணம் வருதுல்ல, அந்த ராசி அவருக்கும் ஒட்டட்டும்."

கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து மேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

நான் தரை துடைக்கும் மாப்போடு பத்தடி தூரத்தில் நின்றேன். ஈரமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றால் போதும். அவர் விழுந்தது பதினோராவது புள்ளியில்; அதுவரை எனக்கு அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், பயம் இல்லை. பத்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்த உடம்பு அது. தாங்குமா என்று பார்க்க ஆசையாக இருந்தது.

பந்து தலைக்கு மேல் போனது. பின்னால் எம்பினார், இடது கால் இறங்கியது, வழுக்கியது. சுவரோர பெஞ்சின் விளிம்பில் கழுத்து மோதியது. முழங்காலை மடக்கி இறங்கிய விதம் மிகச் சரியாக இருந்தது. அதை அந்த மண்டபத்தில் என்னைத் தவிர யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

அடுத்த செவ்வாய் மீதிப் பதின்மூன்று பேரும் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். பரமேஸ்வரன் முதல் வரிசையில் படுத்து, மூச்சை எப்படி இழுப்பது என்று இரண்டு தடவை கேட்டார். நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கடுத்த நாள் துடைப்ப அலமாரியில் அந்த ஸ்பிரே டின்னை நீங்கள் எடுத்தீர்கள்.

ஆமாம், தேய்த்தது நான். கமலநாதன் அந்த மூலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். கமலநாதனுக்குக் கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது. மகளின் கல்யாணத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் கழுத்துத் தசை மட்டும் இவ்வளவு பலமாக இல்லாதிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும். இந்த இரண்டாவதை அந்த டாக்டரிடம் எழுத்தில் வாங்கித் தருவீர்களா, இன்ஸ்பெக்டர்? அவர் உயிரைக் காப்பாற்றியது யார் என்று கிளப்பில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.