நாயின் வலது பக்கம்

தங்கை: ...போனை வச்சிடாதே, குறுக்கே பேசாதேண்ணா, மறந்துடும். போட்டுட்டாங்க. கையெழுத்து போட்டுட்டாங்க.

அண்ணன்: மூச்சு விட்டுட்டுப் பேசு. யாரு, எதுல?

தங்கை: எங்க கால்நடை ஆஸ்பத்திரி பெரிய டாக்டர். என் பயிற்சி நோட்டுல, அவசரப் பிரிவுங்கிற பக்கத்துல. இன்னிக்கு அது விழலைன்னா நாளைக்குப் பெட்டியைக் கட்டியிருக்கணும்.

அண்ணன்: பயிற்சி ரெண்டு மாசம்னு சொன்னே. நாலே நாள்ல எதுக்குப் பெட்டி?

தங்கை: அது... எல்லாருக்கும் அப்படித்தான். நீ கதையைக் கேளு. காலைல ஒரு நாய் வந்துச்சு. கன்னுக்குட்டி உயரம். வயிறு உப்பிப்போய் நிக்குது. குமட்டுது, ஆனா ஒண்ணும் வெளிய வரலை.

அண்ணன்: மூக்கு முட்டத் தின்னிருக்கும். உன்னை மாதிரி.

தங்கை: சிரிக்காதே. இரைப்பை முறுக்கிக்கிச்சு, துணியைப் பிழியற மாதிரி. உள்ளே காத்து அடைச்சு, ரத்தம் ஓடாம... கொஞ்சம் விட்டா ஆள் காலி.

அண்ணன்: ஆளா, நாயா?

தங்கை: எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். டாக்டர் என்னைப் பார்த்தாங்க. வலது பக்கம் மழி, ஊசி குத்திக் காத்தை இறக்கணும், நீதான் குத்தப் போறேன்னாங்க. மெஷினை எடுத்தேன், சர்ருனு மழிச்சிட்டேன்.

அண்ணன்: அடேங்கப்பா.

தங்கை: இடது பக்கம்.

அண்ணன்: என்னது?

தங்கை: நாய் என்னைப் பார்த்து நிக்குதுண்ணா. என் வலது கைப் பக்கம் மழிச்சா, அது நாய்க்கு இடது.

அண்ணன்: நாலு வருஷம் படிச்சு... உனக்கு வலது இடது தெரியாதுன்னு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தப்பவே நினைச்சேன்.

தங்கை: முதல் வாரத்துல நிறைய பேர் செய்யற தப்புதானாம். ஆனா இடது பக்கம் மண்ணீரல் இருக்கு. அதுல குத்தினா ரத்தம் கொட்டும்.

அண்ணன்: குத்திட்டியா?

தங்கை: அதுக்கு முன்னாடி விரலால தட்டிப் பார்க்கணும். உள்ளே காத்து இருந்தா டொம்முனு கேக்கும். தட்டினேன்... சதை மேல தட்டற மாதிரி மொத்து மொத்துன்னு இருக்கு. அப்பதான் பக்கம் மாறினது புரிஞ்சுது.

அண்ணன்: டாக்டர் பார்த்துட்டாங்களா?

தங்கை: இல்ல, அவங்க முன்னங்கால்ல மருந்து ஏத்திட்டு இருந்தாங்க. நானே சொன்னேன். டாக்டர், தப்புப் பக்கம் மழிச்சிட்டேன்னு.

அண்ணன்: நீயேவா? அதுவும் இன்னிக்கு?

தங்கை: அவங்க தலையைக்கூடத் தூக்கலை. சரி, அந்தப் பக்கம் போன்னாங்க. போனேன், மழிச்சேன், தட்டினேன்... டொம். குத்தினேன்.

அண்ணன்: அப்புறம்? சொல்லித் தொலை.

தங்கை: உஸ்ஸ்ஸுனு... என்ன நாத்தம் தெரியுமா? உலகத்துல அப்படி ஒரு சந்தோஷமான நாத்தம் கிடையாதுண்ணா. கண்ணு முன்னாடி வயிறு இறங்குது. ஆபரேஷனும் முடிஞ்சு இப்போ கண்ணைத் திறந்துடுச்சு.

அண்ணன்: ரெண்டு பக்கமும் மொட்டையோட.

தங்கை: ரெண்டு பக்கமும் மொட்டையோட. ஆனா உசுரோட.

அண்ணன்: கை நடுங்கலை?

தங்கை: இல்ல.

அண்ணன்: தலை கிலை சுத்தலை?

தங்கை: எனக்கு எதுக்குச் சுத்தணும்?... சரி. ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட உளறிடாதே. முதல் நாளே ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்துட்டேன். இன்னொரு தடவை இப்படின்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாலு நாள் டைம், அதுக்குள்ள ஒரு கேஸ்லயாவது கடைசி வரைக்கும் நின்னு காட்டணும்னாங்க.

அண்ணன்: எனக்குத் தெரியும். நீ விழுந்த அன்னிக்கே உங்க டாக்டர் எனக்கு போன் பண்ணிட்டாங்க, கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கலாம்னு. மூணு நாளா உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் வேனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு மீசைக்காரர் அழுதுகிட்டே வெளிய வந்து, யாரோ ஒரு பொண்ணு என் நாயைப் பொழைக்க வச்சிடுச்சுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். என் தங்கச்சின்னு சொல்ல வாய் வரலை, நானும் சேர்ந்து அழுதுட்டேன்... நீ வெளிய ஓடி வராதே, போய் வேலையைப் பாரு. நான் காலி வேனை எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பறேன்.