மெத்தை ஊசி

நல்ல மெத்தைக்கு இரண்டு ஆள் வேண்டும் ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றது பிறகு தானாகப் புரியும்.

பஞ்சு அடைத்த மெத்தையைக் கட்டைச் சட்டத்தின்மேல் விரித்துப் போட்டு, மேலே ஒருவர் நின்று நீள ஊசியைக் குத்தி இறக்க வேண்டும். சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் அதை வாங்கி, கொஞ்சம் தள்ளித் திருப்பி மேலே ஏற்ற வேண்டும். ஊசி எந்த இடத்தில் வெளியே வரும் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. விரல் கிழியும். வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த குத்தைப் போட வேண்டியதுதான்.

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடியில்தான் உட்காருவாள். தாயில்லாத பிள்ளை, வேறெங்கே போவாள்? அவள் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் எங்கள் இருவருக்கும் ஒரே ஊசிதான். அதோ, மேசைமேல் உறை போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவன். அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருகிற வேலை. சட்டையில் யார் யார் ரத்தமோ இருக்கும். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

மகளுக்குக் கண் மஞ்சளாகி வயிறு ஊதியது. கல்லீரலில் கிருமி என்றார் டாக்டர். ரத்தத்தோடு ரத்தம் பட்டால் தொற்றுவதாம், வருடக்கணக்காக உள்ளேயே இருந்து அரித்திருக்கிறதாம். வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளை உடனே கையை நீட்டினான். நான் முடியாது என்றேன். எடுத்த ரத்தத்தை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யார் கண்டது?

"ஒரு சொட்டுதானேப்பா" என்றாள் மகள்.

"சீக்கு உனக்குத்தானே, எனக்கில்லையே" என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே ரத்தம் பார்க்கிற அம்மா என்னிடம் மெத்தை வாங்கினவர். பொறுமையாகத்தான் சொன்னார். கிருமியின் மேல்தோலில் இருப்பது ஆன்டிஜென். அதை மடக்கிப் பிடிக்க உடம்பு செய்து வைத்துக்கொள்வது ஆன்டிபாடி. இரண்டுக்கும் சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கத் தனித்தனிப் பட்டை. எது இருக்கிறதோ அதில் கோடு விழும். மகளுக்கு விழுந்தது ஆன்டிஜென் கோடு. மாப்பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாது பெரியவரே. ஆனா பயப்படாதீங்க, அவருக்கு ஆன்டிபாடி நல்லாவே இருக்கு."

"கிருமி வராம அது வருமா?"

"வந்து போயிருந்தா வரும். இல்லன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சன்னலில் யாரோ கூப்பிட, திரும்பினார். நான் படி இறங்கிவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவனுக்கு வந்திருக்கிறது, அவளிடம் தள்ளிவிட்டு அவன் தப்பித்துக்கொண்டான்.

மறுநாள் பகலில் மாப்பிள்ளையைக் கடைக்கு வரச் சொன்னேன். ஒரு மெத்தை பாதியில் நிற்கிறது, அடியில் உட்கார ஆளில்லை என்றேன். மறுக்காமல் வந்தான். "பாத்துக் குத்துங்க மாமா, நான் பஞ்சு இல்ல" என்று சொல்லிக்கொண்டே சட்டத்துக்கு அடியில் நுழைந்தான்.

சில குத்து ஒழுங்காகத்தான் போட்டோம். பிறகு கேட்டேன், "உனக்கு ஆன்டிபாடி இருக்காமே?"

"ஆமா மாமா. வேலைக்குச் சேந்தப்பவே தடுப்பூசி போட்டாங்கல்ல, அதுல வந்தது."

கேட்டவுடன் பதில் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. அவன் குரல் எங்கிருந்து வந்ததோ அங்கே ஊசியை இறக்கினேன். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இறங்கியது. பஞ்சில் போகிற மாதிரி இல்லை, முதலில் கொஞ்சம் தடுக்கும், பிறகு வழிவிடும். அவன் ஊசியைத் திருப்பி ஏற்றவில்லை. நானே இழுத்து மறுபடி குத்தினேன். தவழ்ந்து வெளியே வரப் பார்த்தான். சட்டத்தைச் சாய்த்து மெத்தையோடு அவன்மேல் தள்ளி, ஏறி உட்கார்ந்து குத்தினேன். "வண்டிக்கு போன் போடுங்க மாமா" என்றான். அந்த வண்டியை ஓட்டுகிறவன் அவன்தானே. பஞ்சு ரத்தத்தைக் குடித்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு விட்டுப்போன முடிச்சுகளைப் போட்டேன். பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

நேற்று உங்கள் டாக்டர் என்னைக் கேட்காமலே ரத்தம் எடுத்தார். எனக்கு ஆன்டிஜென் கோடு விழுந்திருக்கிறதாம், ரொம்ப வருடமாக இருக்கிற கிருமியாம். வேறு கம்பெனிப் பட்டையில் போட்டுப் பாருங்கள் என்றேன். அதிலும் விழுந்ததாம். பட்டை செய்கிறவன் எல்லாம் ஒரே கம்பெனிக்காரனாக இருப்பான்.

கொன்றது நான்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிருமிக் கதையை என் தலையில் கட்டாதீர்கள். என் விரலைப் பாருங்கள், தழும்பில்லாத இடமே கிடையாது. எங்கள் இரண்டு பேர் ரத்தமும் அந்த ஊசியில்தான் சேர்ந்து காய்ந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளுக்கு ஒன்று இருந்திருந்தால் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?