பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

எனக்கு மவுஸ் பிடிக்காது, ஐயா. இந்த மருத்துவமனையின் லினக்ஸ் சர்வர்களை இருபத்திரண்டு வருடங்களாகக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் பார்த்துக்கொண்டேன். தட்டுகிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். சொடுக்குகிறவனுக்குப் பொத்தானின் நிறம் மட்டும்தான் தெரியும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் பதினான்கு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன, ஒரே வீட்டில் பதினான்கு குடித்தனம் மாதிரி. ஒன்றில் ஆய்வக முடிவுகள், ஒன்றில் வருகைப் பதிவு, இன்னொன்றில் வார்டு நோயாளிகளின் மருந்துப் பட்டியல். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் அதில்தான். இத்தனையையும் தலையில் சுமந்தவன் நான்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவியின் தம்பிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன். கெட்டிக்காரன், பணிவானவன், ஆபீசிலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். வந்த ஆறாம் மாதம் ஓர் இணையப் பக்கத்தை நிறுவினான். பிரவுசரைத் திறந்தால் பதினான்கு கணினிகளும் வரிசையாக நிற்கும். ஓடுகிறவற்றின் பக்கத்தில் பச்சை விளக்கு. நிறுத்த ஒரு பொத்தான், அழிக்க ஒரு பொத்தான். நிர்வாகி அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷமா ஒரு ஆளை ரூம்ல உக்கார வச்சிருந்தோம்?" என்று கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனனும் சிரித்தான். அப்புறம் என் பக்கம் குனிந்து, "மாமா, அவங்க சும்மா தமாஷுக்குச் சொல்றாங்க," என்றான். அடுத்த வாரம் என் மேசையைப் பிரிண்டர் மை அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

வயிறு எரிந்ததா என்று கேட்டீர்கள். எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் செய்தது கோபத்தில் செய்ததல்ல. அந்தப் பக்கம் ஆபத்தானது என்று மூன்று முறை எடுத்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். சொல்லிக் கேட்காதவர்களுக்குப் பட்டால்தான் தெரியும் என்பார்கள். படுவதற்கு ஒரு சந்தர்ப்பம் அமைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மைத்துனன் வேண்டாத கணினிகளைக் களையெடுப்பான். அந்த முறை "பழைய சோதனை" என்ற கணினியை அழிக்கப்போவதாக எல்லாருக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. நான் எண்ணைப் பார்த்து வேலை செய்வேன். அவன் பெயரைப் பார்த்துச் செய்வான்.

அன்று காலை எட்டு மணிக்கு முதலில் வார்டுக்குப் போனேன். நான்காம் கட்டிலில் என் மாமியார், அதாவது அவனைப் பெற்றவர், படுத்திருந்தார். அவருடைய மருந்து விவரத்தை மட்டும் தாளில் அச்செடுத்துத் தரும்படி தலைமைச் செவிலியிடம் கேட்டேன்.

"எதுக்கு சார், எல்லாம் ஸ்க்ரீன்லயே இருக்கே?"

"இருக்கட்டும்மா, வயசானவங்க," என்றேன்.

ஐந்தாம் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் இதைப் பார்த்துவிட்டு, "மாமியாரை இப்படித் தாங்குற மாப்பிள்ளையை இப்பதாங்க பாக்குறேன்," என்றார். நல்ல மனிதர். அந்தத் தாளை எனக்கு எதிரான சாட்சியம் என்று வைத்திருக்கிறீர்கள். பெரியவர்களைக் கவனித்துக்கொள்வது எப்படிச் சாட்சியமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

எட்டரைக்கு மைத்துனனின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மருந்துப் பட்டியல் கணினிக்குப் "பழைய சோதனை" என்று பெயர் மாற்றினேன். பழைய சோதனைக்கு "மருந்துப் பட்டியல்" என்று வைத்தேன். வேறெதையும் தொடவில்லை. கறுப்புத் திரையில் செய்திருந்தால் நான் தட்டிய வரி பதிவில் நின்றிருக்கும். சொடுக்கினால் எங்கே நிற்கப்போகிறது என்று நினைத்தேன். யார், எத்தனை மணிக்கு, எதைச் சொடுக்கினார் என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே ஒரு குறிப்பு ஓடுகிறதாம். நீங்கள் காட்டிய பிறகுதான் பார்த்தேன். பையன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறான்.

பத்து மணிக்கு அவன் அழித்தான். அழிப்பதற்கு முன் கணினியின் பெயரைத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்தச் சொல்லி அந்தப் பக்கம் கேட்கும். ஜாக்கிரதைக்காரன், ஓர் எழுத்து பிசகாமல் தட்டினான். சேமித்துவைத்த பிரதிகளும் அதோடு போயின.

வார்டுத் திரைகள் வெறுமையாயின. நிர்வாகி அம்மாள் அலறிக்கொண்டு வந்தார். அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தான். மருந்துப் பட்டியல் என்ற பெயருக்கு நேரே பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. "சர்வர் நல்லாத்தான் ஓடுது மேடம், லைன்லதான் ஏதோ கோளாறு," என்றான். அதிலிருந்து தரையில் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வோர் அறையிலும் ஒயரை இழுத்துப் பார்த்தான். என் அறைக்கும் வந்தான். "மாமா, காலைக் கொஞ்சம் தூக்குங்க," என்றான். தூக்கினேன். சட்டை முழுக்கத் தூசி, முகமெல்லாம் வியர்வை. பார்க்கப் பாவமாக இருந்தது.

தபால்காரருக்கு ஒரு வகை ஊசி ஒத்துக்கொள்ளாது. அது பட்டியலில் சிவப்பு எழுத்தில் இருந்தது. திரை இல்லாததால் ஞாபகத்தை வைத்து மருந்து கொடுத்தார்கள். பன்னிரண்டரைக்கு ஊசி போட்டார்கள், ஒரு மணி இருபதுக்குப் போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் என் மாமியாருக்கு எல்லாம் வேளாவேளைக்குத் தாளில் இருந்தபடி நடந்தது.

இரண்டு பத்துக்கு நிர்வாகி அம்மாள் மை அறைக்கு வந்து, கதவருகிலேயே நின்று, "உங்களால ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். ஏழே நிமிடத்தில் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மாமா அவரைக் கொன்னுட்டேன்," என்று அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லி, வீட்டில் கொண்டுவிட்டு, ஒரு வாய் சாப்பிட வைத்தது நான்தான். இன்றுவரை அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். அவன் அக்கா என்னிடம், "நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க," என்கிறாள். தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏழு நிமிடத்தில் எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்கள். எட்டேகாலுக்கே ஒரு நகல் எடுத்து என் மேசைக் கணினியில் வைத்திருந்தேன். பொறுப்பில்லாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவன் நானில்லை, ஐயா. பத்து மணியிலிருந்து அது தயாராகத்தான் இருந்தது. வார்டில் ஓடுகிற சத்தமும் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்கு முன்னால் யாராவது வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். ஏன் கேட்கவில்லை என்று அவர்களை நீங்கள் விசாரித்தீர்களா?