மஞ்சள் வைக்காத வேட்டி

நடுவுன்னு ஒண்ணு கெடையாதுன்னு எனக்கு மொதமொதல்ல சொன்னது நீங்கதான் தம்பி. நம்ம தெருவுல கொடிக்கம்பம் நட்டோம் பாருங்க, அந்தத் தை மாசம். ஒரு பக்கம் பண்ணை, ஒரு பக்கம் நாம, ரெண்டுக்கும் நடுவுல புல்லு மொளைக்கக்கூட எடமில்லன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் மொறத்தக் கீழ வச்சுட்டுத் தட்டுனேன்.

உக்காருங்க. எம்மவன் வைரக்கண்ணு அதோ கம்பத்துகிட்டதான் நிக்கிறான், தோரணம் கட்டுறாங்க. நீங்க அடுத்த பஸ்ஸுலதான் வருவீங்கன்னு நெனச்சுட்டான். இருங்க, நான் இன்னும் கூப்புடல. அவன் இல்லாதப்ப ஒங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசணும்.

பொடவையா? வாய்க்கால்ல எறங்கி வந்தேன், அதான் ஈரம். பாலத்து வழியா வந்தா நாலு பேரு பாப்பாங்க. அது கெடக்கட்டும். மோரு குடிங்க.

ஒங்கள தோழருன்னு கூப்புடச் சொன்னீங்க, எனக்கு வாயில வர மாட்டேங்குது. ஐயான்னாலும் கோவிச்சுக்குவீங்க. தம்பின்னே வச்சுக்கிறேன்.

மெட்ராஸ்ல ஆட்சி மாறுன வருசம் கடைத்தெருவுல மேடை போட்டாங்க. கறுப்புச் சட்டை போட்ட ஒரு புள்ள, சாமி கெடையவே கெடையாது, அத்தாட்சி இருக்குன்னு பேசுச்சு. கூட்டம் முடிஞ்சு போனா, அந்தப் பக்கம் பண்ணையாரு களத்துல நின்னுக்கிட்டு, நீங்க இப்புடிப் பொறக்கணும்னு சாமி எழுதி வச்சிருக்கு, யாராலயும் அழிக்க முடியாதுங்குறாரு. ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்ல தம்பி. எனக்கு ரெண்டாவதோட படிப்பு நின்னு போச்சு. எனக்கு மட்டும் எல்லாத்துலயும் சந்தேகம்.

சிரிக்காதீங்க. மாரியாத்தாளக் கும்புடுறேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போயி மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். கடைத்தெரு ஆயிஷா நாகூர்லேந்து கயிறு வாங்கியாந்து குடுத்தா, அதையும் கட்டிக்குவேன். வைரக்கண்ணு கேலி பண்ணுவான். யாராச்சும் ஒருத்தர நம்பும்மா, இல்லாட்டி எங்கள மாதிரி யாரையுமே நம்பாதம்மாம்பான். போடா, புள்ளைக்கு ஒடம்பு சொகமில்லாதப்ப எந்தக் கதவு தெறந்திருக்குன்னுதான்டா பாப்பேன்னு சொல்லுவேன்.

ஆமாம் தம்பி, காத்தாயி வெசயமாத்தான். எம்மவ. வாய்க்காலுக்கு அந்தாண்ட குடிசை. சங்கத்துல கட்டுப்பாடு போட்டுருக்காங்கல்ல, அவ வீட்டுக்கு யாரும் நெருப்புக் குடுக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாதுன்னு. அதான்.

மருமவன் ரெத்தினம் போராட்டத்த மீறி அறுக்கப் போனான்னு ஒங்களுக்குத் தெரியும். ஏன் போனான்னு சொல்லியிருக்க மாட்டாங்க. பேரன் வீரையனுக்குக் காய்ச்சல்ல கண்ணு சொருகிப் போச்சு. மழைக்கு ரோடு அறுத்துக்கிட்டு பஸ்ஸு வரல. காருன்னா பண்ணையில ஒண்ணுதான். போயி நின்னான். பண்ணைய நடத்துற காரியக்காரரு, அருவாள எடுத்துக்கிட்டு வயல்ல எறங்கு, புள்ள ஆஸ்பத்திரிக்குப் போவும்னுட்டாரு. இவன் எறங்கிட்டான். காத்தாயி புள்ளையத் தூக்கிக்கிட்டு காருல ஏறுறா, அவ புருசன் அழுதுக்கிட்டே கதிர அறுக்குறான். நான் வரப்புல நின்னு பாத்தேன்.

புள்ள பொழச்சுக்கிட்டான். போராட்டமும் ஜெயிச்சுட்டீங்க. கூலி கூட்டிக் குடுக்குறேன்னு பண்ணை எறங்கி வந்துருச்சு, அதுக்குத்தான் இன்னைக்கு விழா. ஆனா கட்டுப்பாட்ட மட்டும் எடுக்கல. கம்பத்துக்கு முன்னாடி நின்னு தப்புன்னு சொல்லட்டும், எடுத்துடுறோம்னான் வைரக்கண்ணு. ரெத்தினம், எம்புள்ளையக் காப்பாத்துனத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்னுட்டான். என்ன செய்யச் சொல்றீங்க.

எம்மவன் பேசுறதுலயும் ஞாயம் இருக்கு தம்பி, இல்லேங்கல. போன வருசப் போராட்டத்துல நம்ம தெரு காத்தான், பொண்டாட்டிக்கு ஒடம்புக்கு முடியலன்னான், அவன மட்டும் அறுக்க விட்டாங்க. மறுநா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி வயல்ல எறங்குனாங்க, போராட்டமே ஒடஞ்சு போச்சு. மிச்சம் நின்னவங்கள அடிச்சு நொறுக்குனாங்க. எம்மவன் முதுகுல இன்னும் தழும்பு இருக்கு. ஒருத்தனுக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறந்துரும்மாங்குறான்.

ஆனா கல்லு மனசுக்காரன் இல்ல. ராவுல நான் வாய்க்கால்ல எறங்கி கஞ்சி கொண்டுக்கிட்டுப் போவேன். அவனுக்குத் தெரியும். பொரண்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்குவான்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் முன்னாடி, வீரையனுக்குக் காது குத்துனப்ப தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? கோயிலுக்கு வர மாட்டேன்னு நின்னான். தங்கச்சி கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. வந்தான் தம்பி. சாமி இல்லேங்குற புள்ள, மாரியாத்தா கோயில்ல சம்மணம் போட்டு ஒக்காந்து, வீரையன மடியில வச்சுக்கிட்டான். புள்ள அழுததுக்கு இவனுக்குக் கண்ணு தளும்பிருச்சு. நடுவுல எடமே இல்லேன்னீங்களே, அன்னைக்கு எம்மவன் ஒக்காந்திருந்த எடம் எதுன்னு நான் நெனச்சுப் பாப்பேன்.

அதுக்கப்புறம் கமிட்டில வச்சு நீங்க கேட்டீங்களாம், காது குத்துக்கு மடி குடுக்குறவன்லாம் சங்கத்தக் காப்பாத்துவானான்னு. வெளையாட்டாத்தான் கேட்டிருப்பீங்க. எல்லாரும் சிரிச்சாங்களாம். அன்னைக்கு ராத்திரி அவன் சோறு திங்கல. இனிமே என் சொந்தம்னு யாருக்கும் தனி ஞாயம் கெடையாதும்மான்னான். கட்டுப்பாடு போடணும்னு வந்தப்ப மொதல்ல கைதூக்குனதும் அவன்தான்.

ஐயோ, ஒங்களக் குத்தம் சொல்லல தம்பி. எழுந்திருக்காதீங்க. நீங்க வராட்டி இந்தத் தெருவுல ஒருத்தனும் தோள்ல துண்டு போட்டிருக்க மாட்டான். நான் கும்புடுற சாமிங்களோட ஒங்களையும் சேத்துத்தான் வச்சிருக்கேன். அதனாலதான் ஒங்ககிட்ட வந்து பேசுறேன். அவன் வேற யாரு சொல்லியும் கேக்க மாட்டான்.

இன்னைக்கு விழாவுக்குன்னு புது வேட்டி வாங்கியிருந்தான். காத்தால குளிச்சுட்டு வந்தான். நான் எப்பவும் போல, கைப் பழக்கத்துல, மூலையில மஞ்ச வைக்கப் போனேன். மஞ்ச வைக்காதம்மான்னான். மூடநம்பிக்கைன்னு எப்பவும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். உடுத்துவான்னு பாத்தா உடுத்தல. மடிச்சு எறவாணத்துல சொருகிட்டு, பழைய வேட்டியோடவே கம்பத்துக்குப் போயிட்டான். அவன் போனப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. செத்தவங்க மேல போடுற கோடிக்கு யாரும் மஞ்ச வைக்க மாட்டாங்கல்ல.

ஆமாம் தம்பி. வீரையனுக்கு மறுபடி காய்ச்சல் வந்துச்சு. இந்தத் தடவ ரெத்தினம் யாரு வாசல்லயும் போயி நிக்கல. புள்ள விடியறப்பப் போயிட்டான். காத்தாயி போட்ட சத்தம் இந்தக் கரைக்குக் கேட்டுச்சு. வைரக்கண்ணு பல்லு வெளக்கிக்கிட்டு நின்னான், அப்புடியே நின்னான். நான் ஓடுனேன். நடுவுல ஒரு தடவ வீட்டுக்கு வந்தப்பதான் அந்த வேட்டி வெசயம், மறுபடி போயிட்டு இப்ப அங்கேருந்துதான் வர்றேன். பறை அடிக்க ஆளு வரல, குழி வெட்ட ஆளு வரல. ரெத்தினமே மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிருக்கான். அவ புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, அண்ணன் கோடி போடாம எடுக்க விட மாட்டேன்னு ஒக்காந்திருக்கா. வெயில் ஏறுது.

நீங்க கூட்டத்துல எதையும் மாத்திப் பேச வேணாம். எனக்கு அந்த ஞாயமெல்லாம் தெரியாது. வேட்டி அந்தா, ஒங்க தலைக்கு மேல எறவாணத்துலதான் இருக்கு. எனக்கு எட்டல தம்பி. கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போயி அவன் கையில குடுங்க.