ஸ்கிரீனுக்கு வெளியே திறந்த விண்டோ

“விண்டோ திறந்துதான்க்கா இருந்துச்சு. ஸ்கிரீனுக்கு வெளிய.”

செரண்டாவிலிருந்து கிளம்பிய ரயிலில், எதிர் இருக்கை இளைஞன் இப்படிச் சொன்னான். செம்பனை எண்ணெய் ஆலைச் சட்டை போட்டிருந்த பெண் அவனை முறைத்தார்.

“வெளியன்னா எங்கடா? தண்டவாளத்துலயா?”

“உங்க மேசையில முந்தி ரெண்டு ஸ்கிரீன் இருந்துச்சுல்ல? எடை போடுற விண்டோவ ரெண்டாவதுல வச்சிருந்தீங்க. நான் எழுதுன புரோகிராம் அந்த இடத்த ஞாபகம் வச்சு, அங்கேயே திறக்குது.”

“அந்த ஸ்கிரீனத்தான் மேனேஜர் தன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரே!”

“அது புரோகிராமுக்குத் தெரியாதுலா.”

“இல்லாத நாற்காலியில நீ உக்காருவியா? பாத்துட்டுத்தானே உக்காருவ?”

“செக் பண்ற மாதிரி எழுதியிருக்கணும். என் தப்புதான்.”

“காலையில எடை போட முடியாம வாசல் வரைக்கும் பழ லோரி நிக்குது. ‘கம்ப்யூட்டர் தெரியாதவள யாரு இங்க உக்கார வச்சது?’ன்னு அத்தன டிரைவர் முன்னாடியும் கேட்டாருடா அந்த மேனேஜர்.”

“நான் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன்கா.”

“என்னைய போன்லயா திட்டினாரு? நாளைக்கு லோரிங்க வந்து நிக்கிறப்ப நீயும் வா. அவங்க முன்னாடி சொல்லு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ராசா ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் கேட்டான்:

“லோரிங்க எத்தன மணிக்குக்கா வரும்?”